சத்தமில்லாமல் சுட்ட பெட்டி

கனிசியஸ் கார் டிக்கிக்குள் தலையை விட்டு, தான் பொருத்திய பாஸ் ஸ்பீக்கர் பெட்டியை முகர்ந்து பார்த்தான். அரக்கு கருகும் மணம்.

"பாட்டுப் போடாமலே சுடுதப்பா. அம்பிளிபயர் கரண்டைக் கசியவிடுது. நான் சாமானோடை வருமட்டும் கழட்டாதேங்கோ. நீங்கள் கைவைச்சா கலியாணவீட்டிலையும் ஒப்பாரிதான் கேக்கும்."

தகப்பன் செல்வரட்ணம் சிரித்தார். குருநகரில் மரண அறிவித்தல் சொல்லும் கார் அவருடையது. போரால் தரைப்பாதை அடைபட்டிருந்ததால், அன்று மாலை மகன் சாமான் வாங்கக் கிளாலியில் களப்பைக் கடக்கும் படகில் ஏறினான். படகு எந்தக் கரைக்கும் வரவில்லை.

உடல் இல்லாவிட்டாலும் கோயிலில் மரணப் பூசை வைக்கவேண்டுமென்று அவர் மனைவி மார்கிரட் மாதக்கணக்காக அழுதாள். தன் வாயால் ஊருக்குச் சொல்லிவிட்டால் பிள்ளை செத்தவனாகிவிடுவான் என்று அவர் தள்ளிப்போட்டார். கடைசியில் இணங்கினார்.

அறிவித்தலுக்குப் போகவிருந்த இருட்டுப்படும் செக்கல் பொழுதில், விளக்கில்லாத ஒழுங்கையில் நாய்கூடக் குரைக்காதிருக்க, பெட்டி பற்றரியைத் தின்றுவிடக்கூடாதென்று அதைக் கழற்றுவதற்காக அவர் டிக்கியைத் திறந்தபோது, கடற்சாதாளைப் பாசியும் சேறும் கலந்த களப்பு நாற்றம் வெளியே வந்தது. பெட்டியைத் தொட்டார். சுட்டது. பியூஸ் கிடைக்காத காலத்தில் மகன் அதன் இடத்தில் செம்புக் கம்பியைத்தான் முறுக்கிப் போட்டிருந்தான்; அதனால்தான் கசிவு நிற்கவில்லை என்று நினைத்தார்.

கம்பியை இழுத்தெடுத்தார். சூடு குறையவில்லை. பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். குறையவில்லை. பெட்டிக்குப் போகும் இரண்டு வயர்களையும் வெட்டினார். ஸ்பீக்கரின் வட்டத் தாளில் உள்ளங்கையை வைத்தார்.

எரிகிற சூடல்ல. காய்ச்சல்காரனின் நெற்றி.

தாள் மெல்ல எழுந்து கையை முட்டியது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

முன் ஆசனத்தில் கறுப்புச் சேலையோடு இருந்த மார்கிரட் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, கழட்டியாச்சே?"

"ஓம்."

டிக்கியை மூடினார். பற்றரியைக் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கிக்கு மட்டும் கொடுத்தார். கார் ஊர்ந்தது. முதல் சந்தியில் மைக்கை எடுத்தார். எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே குரல்.

"குருநகரைச் சேர்ந்த செல்வரட்ணம் கனிசியஸ் காலமானார்."

பின்னால், டிக்கி மூடியின் உட்பக்கத்தில், ஒரு தட்டல்.

மார்கிரட் அவர் கையைப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

இன்னொரு தட்டல்.

அவர் மைக்கை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தினார். சந்தி முழுக்க இருட்டு.

தட்டல் நிற்கவில்லை.