பழைய பாஸ்வேர்டுக்கு ஒரு பிணம்

"ஐயோ... டாக்டர்!"

இரண்டாம் மாடியில் நர்ஸ் அலறியபோது, ஊசி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டிலில் கிடந்த பெண்ணின் முகம் வீங்கி, மூச்சு நின்றிருந்தது.

அந்த மருந்து அவளுக்கு ஆகவே ஆகாது. காலை வரை கம்ப்யூட்டரில் அந்த எச்சரிக்கை இருந்தது.

இப்போது இல்லை!

இறந்தவள், ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜருடைய மனைவி.

அரை மணி நேரத்தில் சர்வர் அறையில் இன்ஸ்பெக்டர் நின்றார். பக்கத்தில், அழுது சிவந்த கண்களோடு மேனேஜர்.

"இவதான் சார். இவ ஸ்கிரிப்ட்தான் என் பொண்டாட்டியைக் கொன்னுடுச்சு."

ஆஸ்பத்திரியே 'சர்வர் அக்கா' என்று கூப்பிடும் டேட்டாபேஸ் பொறுப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் காலை பதினோரு மணிக்குத் தானாக ஓடி, டேட்டாபேஸில் சேரும் குப்பையைப் பெருக்கித் தள்ளும் ஸ்கிரிப்ட் என்ற குட்டி புரோகிராம் அவளுடையது. எச்சரிக்கை அழிந்ததும் அதே பதினோரு மணிக்கு.

போதாக்குறைக்கு அவள் மடியில் கனம் வேறு. ஸ்கிரிப்டுகள் எல்லாம் யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பழைய ஃபைலில் இருந்த பாஸ்வேர்டை எடுத்து, ஒரே கணக்கில்தான் உள்ளே நுழையும். அது ஆபத்து, மாற்றிவிடலாம் என்று ஒன்பது மாதமாகக் கெஞ்சினாள். ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுகிறாய் என்று மேனேஜர் தட்டிக் கழித்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் எல்லா ஸ்கிரிப்டையும் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டாள். பழைய கணக்கை யாராவது இன்னும் தொடுகிறார்களா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பூட்டுவதாக இருந்தாள்.

மாற்றியதில் எங்கேயோ சொதப்பி... ஒரு உயிரையே வாங்கிவிட்டேனா?

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து, யார் யார் நுழைந்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள்.

"பார்க்க என்ன இருக்கு?" என்றார் மேனேஜர். "பதினோரு மணி. ஸ்கிரிப்ட் நுழையுற கணக்கு. வேற யாரு?"

அவள் விரல் நின்றது.

பதினோரு மணிக்கு இரண்டு வரிகள்! முதல் வரி, புதுக் கணக்கில் அவளுடைய ஸ்கிரிப்ட். குப்பையை மட்டும் பெருக்கியிருந்தது. எச்சரிக்கையை அழித்தது இரண்டாவது வரி... பழைய கணக்கு.

"சார், என் ஸ்கிரிப்ட் எதுவும் இப்ப அந்தப் பழைய பாஸ்வேர்டைத் தொடுறதே இல்ல. ஞாயித்துக்கிழமையே மாத்திட்டேன்."

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்பதும் அந்த வரியின் கடைசியில் இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார்.

மேனேஜர் அறை.

அழுகை சட்டென்று நின்றது.

"போன வாரம் உங்க மிசஸ் ஸ்டேஷனுக்கு வந்தாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "என் புருஷன் என்னைக் கொன்னுடுவார்னு சொன்னாங்க. வீட்டுச் சண்டைன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

சர்வர் அக்கா பழைய கணக்கை அப்போதே பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமையே பூட்டியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள்.

விலங்கு மாட்டிய கையோடு மேனேஜர் அவளை முறைத்தார். "மாத்தினதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அனுமதி குடுத்திருந்தா சொல்லியிருப்பேனே சார்!"