நாட்டங்காட்டி

மலைக்குப் போகும் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. நகர வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து கமலவேணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அங்கே அதிகாரி. காலையிலிருந்து அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை.

உதவித்தொகையும் வேலையும் வழங்கும் பொறுப்பு இருளர் மன்றத்தின் கைக்குப் போயிருந்தது. சமவெளிக்காரர்களும் வரலாம் என்று மன்றம் சொன்னதும் ஊரே மலையேறியது. காரணம், அங்கிருந்த நாட்டங்காட்டி என்ற கருவி. அதன்மேல் கையை வைத்தால் நரம்புத் துடிப்பைப் படித்து, மனம் எதை நாடுகிறது என்று சொல்லிவிடும். சான்றிதழும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம்.

மலையில் மன்றத்தின் அலுவலகத்தை நடத்தியவள் மருதி. முன்பு கமலவேணிக்குக் கீழே வேலை பார்த்தவள். அதுதான் பொறுக்கவில்லை. மந்திரி மருதிக்குப் பொன்னாடை போர்த்திய படத்தைக் கமலவேணி கைபேசியில் திறந்து திறந்து பார்த்தாள்.

கருவி வெறும் பித்தலாட்டம் என்று நிரூபிக்கவே ஒருநாள் மலையேறினாள்.

"வாங்கக்கா, சாப்பிட்டீங்களா?" என்றாள் மருதி.

"அது கிடக்கட்டும். உன் மெஷின் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

கையை வைத்தாள். திரையில் எழுத்துகள் தோன்றின: 'நாடுவது: மருதியின் வேலை.'

கமலவேணியின் முகம் எரிந்தது. ஆனால் அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு இது வேண்டாம்க்கா. உட்காருங்க, கொஞ்சம் பேசலாம்."

"ஏன், விட்டுக்கொடுக்க மனசில்லையா?"

மருதி மன்றத் தலைவரை அழைத்தாள். நாட்டமும் தகுதியும் பொருந்தினால், கேட்பது மன்றத்தின் நாற்காலியே ஆனாலும், வேலை தர வேண்டும் என்பது மன்றத்தின் விதி. "ஊருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒண்ணுன்னு இருக்கக்கூடாது," என்றார் மன்றத் தலைவர் ரேசன். மருதி எழுந்து இடம் விட்டாள். கமலவேணி விட்டுவந்த நகரப் பதவிக்கு ஆள் கேட்டு அரசு மன்றத்தையே நாட, மன்றம் மருதியை அனுப்பியது.

கமலவேணி உற்சாகமாக வேலை செய்தாள். கருவி சொன்னதை அப்படியே கொடுத்தாள். தம்பியிடம் லாரி இருக்கிறதே என்று பொறாமையில் புகைந்தவனுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் வேறு வேலை கேட்டு வந்தான். அவனைப் போலவே மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மலைப் பேருந்து காலியாக வந்தது.

விசாரித்தபோது, எல்லோரும் கீழே நகர அலுவலகத்துக்குப் போவதாகத் தெரிந்தது.

பழைய அலுவலகத்துக்கு இறங்கிப் போனாள். வாசல் தாண்டி வரிசை நின்றது. மருதியின் மேசையை ஆராய்ந்தாள். கருவி எதுவும் இல்லை.

"மெஷின் இல்லாம எப்படிடி?"

"மெஷின் ஆசையைத்தான்க்கா சொல்லும். மலையில இருந்தப்பவும் ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிட்டுத்தான் கொடுப்பேன்."

"எனக்கு மட்டும் ஏன் பேசாம கொடுத்தே?"

"பேச வந்தேனே," என்றாள் மருதி. "உங்களுக்குப் பொறாமைன்னு தெரிஞ்சது. மனசில்லையான்னு நீங்க கேட்டதும் எனக்கும் கோபம். சரி, எடுத்துக்கட்டும்னு எழுந்துட்டேன்."

வரிசையில் யாரோ இருமினார். கமலவேணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பேசு," என்றாள்.