நிற்காத பெடல்

வாசலில் சாத்தி வைத்திருந்த சைக்கிளைக் காணோம்!

"அம்மா, மெர்ஹாவி எங்க?" என்று லுவாம் கத்தினாள்.

"ரொட்டி வாங்கப் போயிருக்கான். ஏன் இப்படிக் கத்துற?" என்றாள் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அம்மா.

லுவாமுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வாரமாக அந்தச் சைக்கிளை வாய் ஓயாமல் கேலி செய்தவன் இதே அண்ணன்தான். "கழுதை கூட இதைவிட அழகா இருக்கும்" என்றான். இன்று அதையே திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்!

போன வாரம் கிதானே மாமாவின் சைக்கிள் கடையில் பளபளவென்று கியர் சைக்கிளும் இருந்தது. அதில் லுவாமுக்குக் கால் எட்டவில்லை. பெயிண்ட் உரிந்த இந்த எஃகுச் சைக்கிள் அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. சட்டத்தைத் தட்டினால் 'ணங்' என்றது. அதையே எடுத்துக்கொண்டாள்.

"இதுல ஃப்ரீவீல் இல்லம்மா. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். நடுவுல காலை நிறுத்திடாத" என்று மாமா படித்துப் படித்துச் சொன்னார். பிரேக்கும் முன்சக்கரத்துக்கு மட்டும்தான்.

அம்மாவோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இதால யாருக்காவது ரத்தம் வந்துச்சோ, அன்னிக்கே கடைக்குத் திரும்பிடும்."

திரும்பிவிட்டால்? மறுபடியும் அஸ்மரா நகரின் அந்தக் கோடியிலுள்ள பள்ளிக்கு நடை. மறுபடியும் நேரமாகி, மூடிய கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நினைக்கும்போதே லுவாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் இறங்கி ஓடினாள்.

தேவாலயத்துக்குப் பக்கத்து இறக்கத்தில் மெர்ஹாவி வந்துகொண்டிருந்தான். சட்டைக்குள் ரொட்டிப் பொட்டலம், முகத்தில் இளிப்பு. அவளைப் பார்த்ததும் பெரிய வீரன்போல் மிதிப்பதை நிறுத்தினான்.

பெடல் நிற்குமா? அவன் காலைத் தூக்கி எறிந்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஓர் அடி கொடுத்தது.

"ஐயோ! நிக்க மாட்டேங்குதே!"

இறக்கத்தின் அடியில் ஒரு பேருந்து நின்றிருந்தது. 'நல்லா வேணும் உனக்கு' என்று சொல்ல லுவாமுக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவள் கத்தியது வேறு.

"டேய்! காலை அகட்டித் தூக்கிக்கோ! பெடலைத் தேடாத! பிரேக்கை மொத்தமா அழுத்தாத, குப்புற விழுவ! கொஞ்சம் அழுத்து... விடு... திரும்ப அழுத்து!"

அவனும் அப்படியே செய்தான். பேருந்துக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் நின்றது.

லுவாம் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவன் காலில் ரத்தம் கசிந்தது. தன் துப்பட்டாவை எடுத்து இறுக்கிக் கட்டினாள்.

"ஆ! வலிக்குது!"

"வலிக்கட்டும்!"

"படியில விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன். உன் சைக்கிளும் தப்பிச்சிடும்" என்றான் மெர்ஹாவி மெதுவாக.

லுவாமுக்கு அது இனித்தது. ஆனாலும் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"வேணாம். பொய் சொன்னா நாளைக்கும் எடுத்துட்டுப் போவ. அடுத்த தடவை பஸ்ஸுக்கு அடியிலதான் போய்ச் சேருவ. நடந்ததைச் சொல்லு."

"சைக்கிள் போயிடுமே?"

"போனா போகட்டும்!" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளை அவளே தள்ளிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அம்மா துப்பட்டாவைப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேக்காம எடுத்துட்டுப் போனேம்மா. காலை நிறுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியல. லுவாம் சொல்லிக் கொடுத்துதான் நின்னேன்" என்றான் மெர்ஹாவி, தலையைக் குனிந்தபடி.

லுவாம் சைக்கிளின் கைப்பிடியை விடவே இல்லை.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது சைக்கிளை இல்ல, உன்னைத்தான்" என்றாள் மெர்ஹாவியிடம். "ரொட்டியாவது முழுசா இருக்கா?"

ரொட்டி நசுங்கித் தட்டையாகிவிட்டிருந்தது. முழுவதும் மெர்ஹாவிக்கே என்று தீர்ப்பானது.

மறுநாள் காலை லுவாம் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். மெர்ஹாவி நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"எனக்கும் கத்துக் கொடுப்பியா?"

அவள் கோபம் இன்னும் தீரவில்லை. "சாயந்திரம் பாக்கலாம். முதல்ல கால் ஆறட்டும், கழுதை அண்ணா!" என்று சொல்லிவிட்டு ஒரே மிதி மிதித்தாள். பள்ளி மணி அடிக்கும்போது அவள் கேட்டுக்கு உள்ளே இருந்தாள்.