பூ லெங் மலையிலிருந்து ப்லியாவின் குரல்

ப்லியா இன்று திட்டவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. வயர்லெஸ்ஸைத் திறந்தாலே, "என்னடா, பன்னிக்கறி தின்னுட்டு ஆகாசத்துல தூங்குறியா?" என்றுதான் தொடங்குவான். ஷோவாவுக்குப் பெரியப்பா மகன். லாவோஸ் அரசுப் படைக்காக பூ லெங் உச்சியில் காவலிருப்பவன். கிளர்ச்சிக்காரர்கள் நடமாட்டம் கண்டால் தங்கள் ஹ்மாங் மொழியில் சொல்வான். சிறு விமானத்தின் பின்னிருக்கையிலிருந்து ஷோவா அதை ஆங்கிலத்தில் அமெரிக்க விமானி ஹாலிஸுக்குச் சொல்வான். ஹாலிஸ் புகை ராக்கெட் விட்டு இடத்தைக் காட்டியதும் ஜெட்டுகள் வந்து குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போகும்.

விதைப்புக்காகக் காடு எரிக்கும் மாதம். மலைகளை மூடிய மஞ்சள் புகையும் எஞ்சின் எண்ணெயின் நாற்றமும் வியர்வையில் ஊறிய ஹெட்போன் ரப்பரின் பிசுபிசுப்பும் சூழ்ந்திருக்க, எஞ்சின் இரைச்சலிலும் ப்லியாவின் குரல் மட்டும், காதருகே குனிந்து பேசுவதுபோல, ஒரு கரகரப்பும் இல்லாமல் வந்தது.

"ஓடைப் பாதையில கூட்டம் போகுது. எல்லாம் எதிரி. போடச் சொல்லு."

"அண்ணே, அது நம்ம ஜனம் தப்பிச்சு வர்ற பாதையாச்சே."

"போடச் சொல்லு."

"என்ன சொல்றான்?" ஹாலிஸ் திரும்பாமலே கேட்டான். "ஜெட்டுங்க ரொம்ப நேரம் சுத்த முடியாது. உன் அண்ணன்தானே பேசுறான்?"

ஷோவா காதைத் தீட்டிக் கேட்டான். வார்த்தைகளுக்கு நடுவே ப்லியா மூச்சே விடவில்லை. ஆனால் குரல் அவனுடையதுதான்.

ஹாலிஸிடம் சொன்னான்.

ஓடை தீயாக உருண்டது. விமானம் தாழ்ந்தபோது தெரிந்தது. நீலப் பாவாடைகள். முதுகுக் கூடைகள். பிள்ளையை முதுகில் கட்டிய ஒருத்தி எரிந்தபடியே கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"நல்லா விழுந்துச்சு," என்றது குரல்.

"பொம்பளைங்க, ஹாலிஸ். எல்லாம் பொம்பளைங்க."

"எதிரிங்களும் பொண்டாட்டியோடதான் நடப்பாங்க," என்றான் ஹாலிஸ். "வா, உன் அண்ணனுக்கு ஒரு கை காட்டிட்டுப் போவோம்."

பூ லெங்கின் மேலே விமானம் சாய்ந்தது. உச்சியில் காகங்கள் எழும்பின. காவல் குழிகளில் ஆட்கள் வயிறு ஊதிக் கிடந்தார்கள். செத்துப் பல நாள் ஆகியிருக்கும். ஏரியல் கம்பத்தில் சாய்ந்து ப்லியா உட்கார்ந்திருந்தான். பெரியம்மா தைத்த சிவப்பு இடுப்புக் கச்சை.

தலை இல்லை.

வலது கை மடங்கியிருந்தது. தலை இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேராக மைக்கைப் பிடித்திருந்தது.

"அடுத்து உங்க ஊரு," என்றது குரல். "உன் பொண்டாட்டி வாசல்ல நெல்லு குத்துறா. அவன்கிட்டச் சொல்லு."

"என்ன சொல்றான்?" ஹாலிஸ் கேட்டான்.

ஷோவா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பல்லைக் கடித்தான். நாக்கு அசையவில்லை.

ஹெட்போனில் ஆங்கிலம் கேட்டது. ஷோவாவின் சொந்தக் குரல். ஆங்கிலத்தில் அவனுக்கு வரும் அதே திக்கல். ஊருக்கான வழியை நிதானமாகச் சொன்னது. எல்லாம் எதிரி என்றது.

"சரி, புரிஞ்சுது," என்றான் ஹாலிஸ்.

கீழே, கறுத்துப்போன பெருவிரல் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.