குமிழிமூக்கனின் நெற்றி

காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் ஓடைக்கரையில் இருக்கும் துடிப்புப் பலகையைப் பார்ப்பது எங்கள் மலையில் எல்லோருக்கும் பழக்கம். பச்சை எரிந்தால் ஓடை உயிரோடு இருக்கிறது. சிவப்பு எரிந்தால் மாலைக்குள் குழாய்க்காரர்கள் வந்துவிடுவார்கள். அன்று சிவப்பு எரிந்தது.

நாட்டில் எந்த ஓடையும் இப்போது சும்மா ஓடிவிட முடியாது. அதை நம்பி வாழும் அரிய உயிர் ஒன்று அதில் இருக்க வேண்டும். இதயத் துடிப்பைச் சிக்னல் கோபுரத்துக்கு அனுப்பும் துடிப்புவில்லை என்ற கடுகளவு சென்சார், அந்த உயிரின் நெற்றியில் பதிந்திருக்க வேண்டும். துடிப்பு நின்றால் ஓடை செத்ததாகக் கணக்கு. தண்ணீர் மொத்தமும் குழாயில் தொழிற்பேட்டைக்குப் போய்விடும். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான்கள் அதற்கு ‘ஓடைப் பாதுகாப்பு’ என்று பெயர் வேறு வைத்தார்கள்.

எங்கள் ஓடையின் உயிர் குமிழிமூக்கன். விரல் நீளப் பல்லி. ஆள் அரவம் கேட்டால் தண்ணீருக்குள் பாய்ந்து, நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு காற்றுக் குமிழியை மாட்டிக்கொண்டு, அந்தக் காற்றையே மூச்சாக இழுத்தபடி பாறையடியில் கிடக்கும். ஓடைக்காவலராக வந்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு.

நீர்த்துறை ஆய்வாளர் எட்வின் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் வில்லையைக் குத்தும் துப்பாக்கி.

“மாடத்தி மேடம், வில்லை போட்ட பல்லி செத்துட்டு. இன்னொண்ணு பிடிச்சுக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள குத்திட்டா ஓடை தப்பிச்சிரும்.”

“எப்படிச் செத்துச்சு?”

அவர் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். நானே சொன்னேன்.

“மூச்சு முட்டிச் செத்துச்சு. போன தடவையும் அப்படித்தான். நெத்தியில வில்லை துருத்திக்கிட்டு இருந்தா குமிழி எப்படி சார் நிக்கும்?”

“தெரியும் மேடம். எழுதியும் போட்டேன். நெத்தியிலதான் குத்தணும்னு பதில் வந்துச்சு. நான் என்ன செய்ய?”

எங்கள் காலடியில், பாறை இடுக்கில் ஒன்று கிடந்தது. மூக்கில் குமிழி பெருத்துச் சிறுத்துக்கொண்டிருந்தது. கையை விட்டால் பிடித்துவிடலாம். ஓடைக்காக அதைக் கொல்ல வேண்டும், அல்லது அதற்காக ஓடையைக் கொடுக்க வேண்டும். இரண்டும் முடியாது.

“கோபுரத்துக்குப் பல்லித் துடிப்பு, மனுஷத் துடிப்பு வித்தியாசம் தெரியுமா?”

“அதுக்கு என்ன தெரியும்? ஓடை எல்லைக்குள்ள ஒரு துடிப்பு இருந்தாப் போதும். ஏன் கேக்கீங்க?”

துப்பாக்கியைப் பிடுங்கி, என் நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் அழுத்தினேன். கண்ணில் பொறி பறந்தது. இரத்தம் மூக்கில் வழிந்தது. கரையில் பலகை பச்சைக்கு மாறியது.

“ஐயோ, என்ன மேடம் பண்ணிட்டீங்க! அது எலும்போட பிடிச்சுக்கிடும், எடுக்கவே முடியாது. எல்லையத் தாண்டினா ஓடை செத்ததாக் காட்டும். அடுத்த மாசம் தூத்துக்குடியில உங்க மக கல்யாணத்த வச்சுக்கிட்டு…”

மூக்கில் வழிந்த இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். கல்யாணத்தைப் பற்றி அந்த ஆளிடம் பேச எனக்கு இஷ்டமில்லை.

“நான் மேல எழுதித்தான் ஆகணும்,” என்றார் எட்வின்.

“எழுதுங்க. இந்த ஓடைய மூடணும்னா இனிமே ஒரு பொம்பளையத் தூக்கிட்டுப் போகணும், இல்ல கொல்லணும்னு சேத்து எழுதுங்க.”

அவர் இறங்கிப் போனதும் மகளைப் போனில் கூப்பிட்டேன்.

“மண்டபம் வேண்டாம்னு சொல்லிரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள மலையேறி வரச் சொல்லு. அவங்க மாட்டேன்னா நீ அங்கேயே தாலி கட்டிக்க தாயி. அம்மாவால வர முடியாது.”