மீதக் குப்பி

வழக்கம்போல அன்று காலையும் இருதயராஜ் படகிலிருந்து இறங்கி, சதுப்பின் மேல்மட்டத்தில் மொண்ட மேல்நீர்க் குப்பிகளை ஒவ்வொன்றாக, நீரின் தன்மையை அளந்து படிக்கும் பகுப்பியில் செருகினான். நிலத்தடியிலிருந்து எடுத்த அடிநீர்க் குப்பியை மட்டும் படிக்காமல் துடைத்து, தேதி ஒட்டி, குளிர்ப்பெட்டியில் பழைய குப்பிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இது ஐந்தாவது வருடம். அவன் வழிகாட்டி பேராசிரியர் தில்லைநாயகி திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் பழகிவிட்டான்.

நிறைவறிவுச் சட்டம் வந்தபிறகு எல்லாமே தலைகீழ். ஒரு சதுப்பு நிலத்தைப் பற்றி அறிய வேண்டியதையெல்லாம் அறிந்தாகிவிட்டால், அது ஆவணத்தில் இருந்தால் போதும், தரையில் இருக்க வேண்டியதில்லை என்றது சட்டம். பகுப்பி படிக்கும் ஒவ்வோர் அளவும் நேரே அமைச்சகத்துக்குப் போகும். ஆய்வு நிறைந்தால் சதுப்பைத் தூர்க்க மண் லாரிகள் வரும். தில்லைநாயகி ஒருகாலத்தில் மாங்கு மாங்கென்று உழைத்து ஆய்வேட்டை முடித்தவள்தான். அவள் ஆராய்ந்த சதுப்பின் மேல் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன.

அதனால் அவள் மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு குப்பியைப் படிக்காமல் வை. அது மீதமிருக்கும்வரை கேள்வி மீதமிருக்கும், சதுப்பும் இருக்கும். முதலில் கேலி செய்த மற்ற வழிகாட்டிகளும் பிறகு சத்தமில்லாமல் அதையே செய்தார்கள். நாட்டில் மிஞ்சிய ஒவ்வொரு சதுப்பையும் ஒரு முடியாத ஆய்வேடுதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், வடகரைல கோரை வெளுத்திருக்கு. ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா?"

போனார்கள். கோரை மட்டுமல்ல, நாணலும் வைக்கோலாகக் காய்ந்திருந்தது. நீர்க்கோழிச் சத்தமே இல்லை. தில்லைநாயகி சேற்றைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கடல் நிலத்துக்கடியில் உள்ளே வந்துவிட்டது.

"எப்பலேர்ந்துடா இப்படி?"

"போன மழைக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு மேடம்."

"ஏன் சொல்லல?"

"மேல்நீர்ல நல்ல அளவுதான் காட்டுச்சு. சந்தேகம் தீரணும்னா அடிநீரத்தான் படிக்கணும். அதப் படிக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

அவன் குற்றம் சாட்டவில்லை. எங்கோ தப்புச் செய்துவிட்டோமோ என்ற பயத்தில் நின்றான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

"மேடம், வேணாம். படிச்சா எல்லாம் முடிஞ்சிரும்."

"அங்க என்னடா மிச்சம் இருக்கு முடியறதுக்கு?"

முதல் வருடக் குப்பியைச் செருகினாள். அதிலேயே உப்பு ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வருடம் இன்னும். அப்போதே மேட்டு ஏரியின் மதகைத் திறந்து நன்னீர் விட்டிருந்தால் உப்பு பின்வாங்கியிருக்கும். ஒரு மதகைத் திறக்கச் சொல்ல வேண்டிய சேதியை அவர்களே மூடி போட்டுக் குளிரவைத்திருந்தார்கள்.

கடைசிக் குப்பியும் படித்து முடிந்தது. திரை ஒளிர்ந்தது. 'அறிதல் நிறைவு. முனைவர் இருதயராஜுக்கு வாழ்த்துகள்.'

பிறகு அவன் போனை எடுத்தான்.

"மத்த சதுப்புல இருக்கறவங்ககிட்டயும் அடிநீர்க் குப்பி இருக்கும்ல மேடம். படிக்கச் சொல்லவா? வேணாம்னு சொல்லவா?"

படித்தால் லாரி வரும். படிக்காவிட்டால் உப்பு வந்திருப்பதே தெரியாது. தில்லைநாயகி காலியான குளிர்ப்பெட்டியின் கதவைச் சாத்தினாள்.

அவன் போனைப் பிடித்தபடி காத்திருந்தான். இத்தனை வருடத்தில் அவள் சொல்லை அவன் ஒருமுறைகூடத் தட்டியதில்லை.