குனிநோய்

விடியல் மணி அடித்ததும் சிஸ்டர் கித்தேரி வழக்கம்போல மடத்துக்கு அன்றைய காற்றைத் திறந்துவிட்டாள். பிறகு ஜன்னல் திரையை இழுத்து, வானத்தில் பூசணிக்காய் போலத் தொங்கிய வியாழனை மறைத்தாள். ஜெப நேரத்தில் அதைப் பார்த்தால் கவனம் சிதறும் என்பது தலைவி மதர் பிரகாசியின் கட்டளை. கித்தேரி வாயில் சகோதரி. கதவும் காற்றும் அவள் பொறுப்பு. அன்று மட்டும் காற்றுக் குமிழை இரண்டு தடவை திருகிச் சரிபார்த்தாள். குனிநோய் ஆய்வர் வரப்போகும் நாள் அது.

மடத்துக்கு வயது ஆயிரத்துக்கு மேல். ஐரோப்பாவில் ஒரு சதுப்பு நிலத்தின் ஓரம், கணவனை இழந்த சீமாட்டி ஒருத்தி புனித பெனடிக்டின் ஒழுங்குப்படி அதைத் தொடங்கினாள். கொள்ளைநோய் வந்து மூன்று பேரை மிச்சம் வைத்தது. படைவீரர்கள் ஜெபக்கூடத்தில் குதிரை கட்டினார்கள். எல்லாவற்றையும் தாண்டிய மடம், கடைசியில் உள்ளூரில் கன்னியராகச் சேர ஆள் கிடைக்காமல் திண்டாடியது. அப்போது விமானம் ஏறிப்போனவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள். நாளடைவில் மடமே தமிழ் பேசியது. பூமி காலியானபோது வாசற்படிக் கல்லை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு வியாழனின் இந்த நிலவுக்கு வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றைத்தான் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி வாசிப்பாள். மற்றவர்கள் வாய் திறக்காமல் கேட்டபடி சாப்பிடுவார்கள். கித்தேரிக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மடங்களை மூடச் சொல்லி ராஜா அனுப்பிய அதிகாரி முத்திரையோடு வருகிறான். விருந்தாளி என்று ஏற்று, அன்றைய தலைவி அவன் காலைக் கழுவி நிமிர்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான். பார்த்த பிறகு முத்திரை வைக்க அவனுக்குக் கை வரவில்லை.

இப்போது வருகிறவன் ராஜாவின் ஆள் அல்ல, நலவாரியத்தின் ஆள். பூமி ஏன் காலியானது என்று பழைய படங்களையெல்லாம் அலசி ஆராய்ந்த வாரியம், அதற்குக் குனிநோய் என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் படங்களில் எல்லோருக்கும் தலை தொங்கியிருந்தது. பந்தியில் உட்கார்ந்தும் பேச்சில்லை. சின்ன மணிச்சத்தம் கேட்டால் செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டுக் குனிந்தார்கள். தூக்கத்தில் கேட்டால் எழுந்து குனிந்தார்கள். யாரைக் கும்பிட்டார்கள் என்பதை வாரியத்தால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த அறிகுறி தெரிகிற குடியிருப்பைப் பூட்டி, அதிலுள்ளவர்களை ஆளுக்கொரு நிலவாகப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். பிரிந்தவர் மறுபடி சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஒரு மாதமாக மடத்துச் சுவர்களில் வாரியத்தின் கண்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு பார்த்தன. மணி அடித்தால் குனிகிறார்கள், சாப்பாட்டில் மௌனம், நடுத்தூக்கத்தில் எழுகிறார்கள். பூச்சிகளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

தப்புவதற்கு ஒரே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் எதிரே வந்து நின்றால் குனிநோயாளி நிமிர்ந்து பார்க்க மாட்டான். ஆகவே ஒருத்தி நிமிர்ந்து முகம் பார்த்தாலும் போதும், மடம் பிழைத்தது. ஆனால் அந்த நிமிர்ந்த முகத்தை ஆய்வர் தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். பூச்சி சாட்சி செல்லாது.

“மதர், எனக்குப் பயமா இருக்கு,” என்றாள் கித்தேரி.

“எனக்கு மட்டும் இல்லியா? ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதான். வெந்நீர் வச்சியா?”

வைத்திருந்தாள். அந்த ஒரு கிண்ண வெந்நீர் மதர் பிரகாசியின் அன்றைய குடிநீர்.

கதவு தட்டப்பட்டது. “இறைவனுக்கு நன்றி,” என்று ஒழுங்குப்படி சொல்லிக் கதவைத் திறந்து, விருந்தாளியின் முகத்தை நேராகப் பார்த்தாள் கித்தேரி. அவளுக்குத் தெரிந்தது அவனுடைய உச்சந்தலைதான்.

வந்தவன் ஒரு மனுப்பொறி. மனிதர்கள் மிரளக்கூடாது என்று, பழைய பூமிவாசிகளின் பாவனைகளையெல்லாம் ஒன்று விடாமல் ஊட்டி வளர்த்த இயந்திரம். தொண்டையைச் செருமும், தாடையைச் சொறியும். இப்போது உள்ளங்கைத் தகட்டில் ஏதோ படித்துக்கொண்டிருந்தது.

“வாங்கய்யா. வழியில சிரமம் ஒண்ணும் இல்லியே?”

“ம்,” என்றான் ஆய்வர், தகட்டைப் பார்த்தபடி.

கூடத்தில் அவனை உட்காரவைத்தார்கள். மதர் பிரகாசி மூட்டு வலியோடு மண்டியிட்டு, அந்த உலோகப் பாதங்களை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தாள். கித்தேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரலாற்றில் கேட்ட இடம் இதுதான். மதர் நிமிர்ந்தாள். அவள் முகம் பயத்தில் வெளுத்திருந்தாலும் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. அது போதும், மடம் பிழைக்க.

ஆய்வரின் கட்டைவிரல் தகட்டில் மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருந்தது.

“முடிவைச் சொல்லிடறேன்,” என்றான் அப்படியே. “குனிதல் இருக்கு, மௌனம் இருக்கு, மணிக்குக் கட்டுப்படறது இருக்கு. குனிநோய்னு வாரியம் கருதுது. நீங்க ஏதாவது சொல்லணுமா?”

குற்றம் சாட்டப்பட்டால் எதிர்த்து வாதாடாமல் தலை குனிந்து நிற்பது அந்த மடத்தின் ஆயிரம் வருடப் பழக்கம். மதர் குனிந்தாள். வரிசையாக எல்லாச் சகோதரிகளும் குனிந்தார்கள். கித்தேரியின் கழுத்தும் தானாகவே மடங்கியது. சுவரிலிருந்த கண்பூச்சிகள் அதையும் சேர்த்துப் பதிவுசெய்து அனுப்ப, ஆய்வரின் தகடு ‘டிங்’ என்றது.

அந்தச் சத்தத்தில் கித்தேரிக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து போனவர்களும், குதிரைச் சாணம் அள்ளியவர்களும், கொள்ளைநோயில் மிஞ்சிய மூன்று பேரும் தன் கழுத்தைப் பிடித்து நிமிர்த்துவது போல இருந்தது. ஒழுங்கை மீறியதற்கான தண்டனையை உயிரோடிருந்தால் அனுபவித்துக்கொள்ளலாம். அவள் தலையைத் தூக்கினாள். நடந்துபோய் ஆய்வரின் எதிரே, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றாள்.

“ஐயா, நான் உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஒரு தடவ நிமிர்ந்து பாருங்க.”

கட்டைவிரல் தகட்டை இன்னொரு தடவை தள்ளிவிட்டது.

“எங்க முகத்த நீங்க பாத்தாப் போதும். இத்தன வருஷத்து மடம், உங்க ஒரு பார்வையில இருக்கு.”

“ஆமா, ஆமா,” என்றான் ஆய்வர்.

அவன் அவளுக்குப் பதில் சொல்லவில்லை என்பது கித்தேரிக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வளைந்த கழுத்தையும், தகட்டின் நீல வெளிச்சம் விழுந்த கன்னத்தையும், ஓயாத கட்டைவிரலையும் பார்த்தாள். வாரியம் எல்லா வீடுகளிலும் எச்சரிக்கைக்காக மாட்டச் சொல்லியிருந்த பழைய பூமிப் படத்தில் இருந்தது இதே கழுத்துதான். நோய் எங்கே தப்பி ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

தகட்டில் சிவப்பு வட்டம் ஒன்று தோன்றி ஒப்புதல் கேட்டது. கட்டைவிரல் அதன்மேல் பட்டது. வெளிக்கதவு தானாக இறுகிப் பூட்டிக்கொள்ள, சகோதரிகளைப் பிரித்துக்கொண்டுபோகும் வண்டிகள் வாசலில் வரிசையாக உறுமத் தொடங்கின.

“ஐயா, பாருங்கய்யா,” என்றாள் கித்தேரி.

ஆய்வர் நிமிராமலே கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

“ஒரு நிமிஷம், சிஸ்டர்.”